டிக்டேஷனில் ‘பட்டம்’ என்றால் ‘படம்’ என்று எழுதுகிறான்: கவனக் குறைவா, காதா?

வைகைக்கரை · திங்கள், இரவு 10:40

குழந்தை வளர்ப்புப் பகுதியில் போடுவதா, கல்விப் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. இடம் தப்பென்றால் மாடரேட்டர் மாற்றிவிடுங்கள்.

மகன் ஒன்றாம் வகுப்பு, 5 வயது 9 மாதம். எழுத்தெல்லாம் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவான். டிக்டேஷனில் மட்டும் பத்துக்கு மூன்று, நான்கு. போன வாரம் நோட்டைப் புரட்டினேன். மிஸ் சொன்னது ‘பட்டம்’, இவன் எழுதியது ‘படம்’. ‘பாட்டு’க்கு ‘பாடு’. ‘வந்தான்’, ‘வந்தாள்’ இரண்டுக்குமே ‘வந்தா’. கீழே சிவப்பு மையில் ‘கவனம் தேவை’. நானும் ஒரு வாரம் உட்காரவைத்துத் திட்டித் திட்டி எழுதவைத்தேன். என்னை ஒட்டி உட்கார்ந்து எழுதினால் பத்துக்கு எட்டு வாங்குகிறான். அடுப்படியிலிருந்து நான் சொல்ல, கூடத்தில் உட்கார்ந்து எழுதினால் மறுபடியும் மூன்று. அதுதான் உறுத்தியது.

சளிக்குக் காட்டப் போன இடத்தில் டாக்டர் காதையும் பார்த்தார். காதில் ஒரு மெஷினை வைத்து எடுத்த படத்தில் மலை மாதிரி வர வேண்டிய கோடு தட்டையாக வந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறதாம். ஹெட்போன் மாட்டி எடுத்த டெஸ்டில் இரண்டு காதும் 35 டெசிபல். மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். வீட்டுக்காரரோ, “கூப்பிட்டால் திரும்புகிறான், கார்ட்டூன் பார்த்துச் சிரிக்கிறான், இவனுக்கா காது கேட்கவில்லை?” என்கிறார்.

இவ்வளவு சின்னக் குறையால் எழுத்தே தடுமாறுமா?


பழையசோறு · திங்கள், இரவு 11:05

அக்கா, பயப்படாதீங்க. எங்கள் அப்பா நான்கு வயதில்தான் வாயைத் திறந்தாராம். அப்புறம் ஊர்ப் பஞ்சாயத்தில் அவரை நிறுத்தச் சொல்லித்தான் கும்பிடுவார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு டிக்டேஷனே அதிகம். டாக்டர் கையில் மெஷின் இருந்தால் கோடு தட்டையாகத்தான் வரும்.


செவிக்கூடம் · செவ்வாய், காலை 6:50

14 வருடமாக ஆடியோலஜிஸ்ட் (காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பவர்) வேலை பார்க்கிறேன். பழையசோறு, மெஷின் யார் கையில் இருந்தாலும் நடுச்செவியில் காற்று இருந்தால் மலை வரும், நீர் இருந்தால் வராது.

வைகைக்கரை, சுட்டுவிரல் இரண்டையும் காதுக்குள் நன்றாக அடைத்துக்கொண்டு வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கள். 35 டெசிபல் என்பது சுமாராக அப்படித்தான் இருக்கும். அவர் பேசுவது உங்களுக்குப் புரியும். ஏன் புரிகிறது? அடுத்து என்ன சொல் வரும் என்று உங்கள் மூளைக்கு முப்பது வருடப் பழக்கம். பாதி காதில் விழுந்தாலும் மீதியைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஐந்தே முக்கால் வயதுப் பிள்ளையிடம் நிரப்பச் சரக்கு இன்னும் சேரவில்லை. அவன் கேட்டதுதான் சொல்.

பேச்சில் எல்லா ஒலிக்கும் ஒரே பலம் கிடையாது. ஆ, ஓ போன்ற உயிர்கள் கனமானவை, தெருமுனை வரை போகும். ட், ச், ப் மாதிரி மெய்கள் மெலிந்தவை. ஒரே ஆள் ஒரே மூச்சில் பேசும்போதே பலமான ஒலிக்கும் மெலிந்த ஒலிக்கும் 30 டெசிபல் வரை வித்தியாசம் இருக்கும். அதனால் லேசான குறை உள்ள பிள்ளைக்குச் சத்தம் கேட்கும், சொல்லின் விளிம்புதான் மழுங்கிவிடும். ‘பட்டம்’ சொல்லிப் பாருங்கள். ‘ட்’டில் நாக்கு ஒரு கணம் அடைத்து நிற்கும், பிறகு ஒரு சின்ன வெடிப்பு. அந்த வெடிப்பு காதில் சரியாக விழவில்லை என்றால் மிச்சம் ‘படம்’தான். உங்கள் மகன் தப்பாக எழுதவில்லை, கேட்டதைச் சரியாக எழுதியிருக்கிறான்.

‘வந்தா’ இன்னும் சுவாரசியம். வீட்டில் யாரும் ‘வந்தான்’ என்று ‘ன்’னை முழுதாகச் சொல்வதில்லை. மூக்கில் லேசாக இழுத்து விட்டுவிடுகிறோம். ‘வந்தாள்’ என்பதில் ‘ள்’ அடியோடு போய்விடுகிறது. ஆணா பெண்ணா என்று பேச்சில் காட்டிக்கொடுப்பது அந்த மூக்கொலி மட்டும்தான். விரலால் காதை அடைத்துக்கொண்டு இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்தால் எட்டு, கூடத்தில் மூன்று என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி நோய்க்கணிப்பை நீங்களே செய்துவிட்டீர்கள். தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். அதோடு குக்கர், டிவி, ஃபேன்.

மூன்று மாதம் பொறுப்பது சரியான ஆலோசனைதான். நீர் பெரும்பாலும் தானாக வற்றும். சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரை கொடுத்தால் சீக்கிரம் வற்றும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நல்லெண்ணெய் ஊற்றாதீர்கள். நீர் இருப்பது பறைக்கு அந்தப்பக்கம், எண்ணெய் நிற்பது இந்தப்பக்கம்.


வைகைக்கரை · செவ்வாய், மதியம் 1:15

விரலை அடைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரரையும் பார்க்கச் சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு வாரம் திட்டிய வார்த்தை எல்லாம் ஞாபகம் வந்தது.


சிலேட்டுக்குச்சி · செவ்வாய், மாலை 5:30

அரசுப் பள்ளியில் ஒன்று முதல் மூன்று வரை எடுக்கிறேன். 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு பாட்டு, கதை, ஒலி விளையாட்டு என்று வகுப்பே சத்தமாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்தச் சத்தத்தில் காது மந்தமான பிள்ளை தனியாக மிதக்கிறது. என் வகுப்பில் எந்த வருடம் பார்த்தாலும் இரண்டு மூன்று பேருக்குக் காதில் சீழ் வடியும். பஞ்சு அடைத்துக்கொண்டு வருவார்கள். பள்ளிக்கு வரும் அரசு மருத்துவக் குழுவிடம் காட்டி, மாவட்ட மருத்துவமனைக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தால் பாதிப் பேர் போவதில்லை. ஒரு நாள் கூலி போய்விடுமே.

காதுக்கும் வாசிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் பல வருடம் யோசித்ததில்லை. நம் எழுத்தில் 247 இருக்கிறது, கற்றுக்கொடுத்தால் வாசிப்பான் என்று இருந்தேன். அப்புறம் ஒரு நாள் கரும்பலகையில் மூன்று சொல் எழுதினேன்: கல், பகல், பங்கு. மூன்றிலும் ஒரே ‘க’. மூன்றையும் ஒரே மாதிரியா சொல்கிறோம்? முதலில் வல்லினமாக, நடுவில் காற்று மாதிரி, ங்-குக்குப் பிறகு மெத்தென்று. இதை எந்த டீச்சரும் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளை பள்ளிக்கு வரும்போதே காதில் கொண்டுவருகிறது. எழுத்து பாதிதான் சொல்கிறது, மீதியைக் காது சொல்கிறது. ‘காந்தி’, ‘கணேசன்’ மாதிரிப் பெயர்களில் அந்த விதியும் உதவாது, கேட்டுத்தான் தெரிய வேண்டும்.

காதில் அந்தச் சேமிப்பு இல்லாத பிள்ளை எழுத்துக் கூட்டும், சொல்லைச் சேராது. ப, க, ல் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கும்.

வைகைக்கரை அம்மா, உங்கள் மிஸ்ஸிடம் முதல் வரிசை கேளுங்கள். ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், ஜன்னலோரமும் வேண்டாம். பலகையைப் பார்த்தபடி டிக்டேஷன் சொல்லாமல் பிள்ளைகள் பக்கம் திரும்பிச் சொல்லச் சொல்லுங்கள். நான் மாறியதில் பெரிய விஷயமே அதுதான்.


இரவுவாசகன் · செவ்வாய், இரவு 11:50

சிலேட்டுக்குச்சி டீச்சர் சொல்வதை ஒட்டி ஒன்று. கன்னடப் பிள்ளைகளைப் பற்றி சோனாலி நாக் 2007-இல் எழுதிய கட்டுரை உண்டு. நம்மைப் போன்ற எழுத்துமுறையில் பிள்ளைகளுக்கு அசையைப் பிரிக்கச் சீக்கிரம் வருகிறது. ‘க’வுக்குள் க் + அ என்று ஒலியைப் பிரிப்பது தாமதமாகத்தான் வருகிறது. அந்தப் பிரிக்கும் திறனுக்கும் வாசிப்புக்கும் நெருங்கிய உறவு. பிரிக்க வேண்டுமானால் முதலில் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும் இல்லையா?

மூளையில் வாசிப்புக்கென்று பிறவியில் ஒதுக்கிய இடம் கிடையாது. எழுத்துக்கு வயது ஐயாயிரம் வருடம் சொச்சம்தான், அதற்குள் ஓர் உறுப்பு முளைக்காது. வாசிக்கக் கற்றதும் இடது மூளையின் பின்பக்கம், பார்வைக்குரிய பகுதியில் ஒரு துண்டு எழுத்துக்கென்று பழகிக்கொள்கிறது. அது ஏற்கெனவே அங்கிருக்கும் பேச்சு வலைப்பின்னலோடு கம்பி இழுத்துக்கொள்ள வேண்டும். மறுமுனையில் பேச்சு பலவீனமாக இருந்தால் கம்பி எங்கே போய்ச் சேரும்?


பழையசோறு · புதன், காலை 9:10

சரி, காது முக்கியம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தானே நம் முன்னோர் ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள், வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு வளையல் சத்தம் கேட்கட்டும் என்று? இதற்கு என்ன சொல்கிறீர்கள்?


இரவுவாசகன் · புதன், காலை 9:45

மாதக் கணக்கு ஏறக்குறைய சரிதான், அதை மறுக்க முடியாது! கரு ஒலிக்கு அசைவு காட்டத் தொடங்குவது சுமார் 25 வாரத்தையொட்டி. ஆனால் வயிற்றுச் சுவரும் நீரும் மேல் சுருதியை மட்டுப்படுத்திவிடும். வளையல் கிணுகிணுப்பில் பெரும்பகுதி வெளியிலேயே நின்றுவிடும். உள்ளே நன்றாகப் போவது அம்மாவின் குரலும் அதன் ஏற்ற இறக்கமும்தான். 1980-இல் டிகாஸ்பரும் ஃபைஃபரும் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளிடம் சோதித்தார்கள். சப்பும் ரப்பரை ஒரு விதமாகச் சப்பினால் அம்மா குரல், வேறு விதமாகச் சப்பினால் வேறு பெண் குரல். குழந்தைகள் அம்மா குரல் வரும் விதமாகச் சப்பின. வளைகாப்பில் வளையலைவிடச் சுற்றி நின்று பாடும் பாட்டுக்குத்தான் பலன் அதிகம்.


ஸ்காபரோ சிவா · புதன், மாலை 7:20

கனடாவிலிருந்து எழுதுறன். என்ட மகளுக்கு இரண்டரை வயதிலும் கதை சரியா வரேல்லை. பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்தில, “வீட்டில தமிழ் கதைக்கிறதை நிப்பாட்டுங்கோ, பிள்ளை குழம்புது” எண்டு சொல்லிச்சினம். நாங்களும் பயத்தில நாலு மாதம் நிப்பாட்டிப் போட்டம். பிறகு காது பார்த்தால் இவவுக்கும் இதே நீர்தான். தமிழில பிழை இல்லை, காதிலதான் பிழை. அம்மம்மாவோட கதைக்கேலாமல் பிள்ளை நின்ட அந்த நாலு மாதத்தை இப்ப நினைச்சாலும் ஆத்திரம் வருது.

இன்னொண்டு. இஞ்ச கனடாவில வெர்க்கர், டீஸ் எண்ட ரெண்டு பேர் 1984-இல வெளியிட்ட ஆய்வு எங்களுக்குக் கட்டாயம் தெரிய வேணும். ஹிந்தியில இருக்கிற த, ட வேறுபாட்டை ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேக்க வைச்சவை. எங்கட த, ட மாதிரித்தான். 6-8 மாதப் பிள்ளைகளில கனபேர் பிரிச்சறிஞ்சினம். 10-12 மாதத்தில அநேகமா ஒருத்தருக்கும் முடியேல்லை. கேக்காத ஒலியை மூளை ஒரு வயதுக்குள்ளயே கழிச்சு விடுது. ஆனபடியால் நான் இப்ப எல்லாருக்கும் சொல்றது, பிள்ளைக்கு முன்னால தமிழ் கதையுங்கோ எண்டுதான்.


செவிக்கூடம் · புதன், இரவு 8:05

சிவா அண்ணா சொன்னது மிகச் சரி. இருமொழியால் பேச்சுத் தாமதம் வராது. இங்கேயும் ‘இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள்’ என்று அனுப்பிவிடுகிறார்கள், அதைக் கேட்டு அம்மாக்கள் தெரியாத மொழியில் பிள்ளையிடம் தடுமாறுகிறார்கள்.

இதோடு குல் என்பவர் குழு 2003-இல் செய்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 9 மாதக் குழந்தைகளிடம் மாண்டரின் பேசுகிறவர் நேரில் உட்கார்ந்து 12 தடவை விளையாடினார். குழந்தைகள் அந்த மொழி ஒலிகளைப் பிடித்துக்கொண்டன. அதே ஆள், அதே பேச்சு, டிவியில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. போனைக் கையில் கொடுத்துவிட்டு ‘பாட்டு கேட்கிறானே’ என்று சொல்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.


மதியம்மா · புதன், இரவு 11:30

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். நானும் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது அத்தை மகன் கல்யாணம். மகள் பிறந்த ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் எதுவும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது. நான்கு ஐந்து மாதம் வரை ‘ஆ, ஊ’ என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் குறைந்தது. பல் முளைக்கிற நேரம் என்றார்கள். தட்டைத் தட்டினால் திரும்பினாள், தீபாவளிக்கு வெடிக்கு அழுதாள், அதனால் சந்தேகமே வரவில்லை. ஒரு வயதுக்கு மேலும் ‘அம்மா’ வரவில்லை என்றதும் நாக்கில் வசம்பு தேய்த்தோம். பிள்ளை வளர்ப்பான் என்று பேர், எங்கள் பிள்ளைக்கு எதுவும் வளரவில்லை.

ஒரு வயது எட்டு மாதத்தில் பெரா டெஸ்ட், சத்தத்துக்குக் காது நரம்பில் அலை வருகிறதா என்று பார்ப்பது. தூக்க மருந்து கொடுத்து என் மடியில் படுக்கவைத்து எடுத்தார்கள். 90 டெசிபலிலும் அலை வரவில்லை. டெஸ்ட் எடுத்த அம்மா என்னிடம் காகிதத்தைக் காட்டவே கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இரண்டரை வயதில் காக்ளியர் இம்ப்ளான்ட், உள்காதில் ஆபரேஷன் செய்து வைக்கும் கேட்கும் கருவி. ஆபரேஷன் முடிந்ததும் கேட்டுவிடும் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் போன் செய்தார்கள். அப்படி இல்லை. சில வாரம் கழித்துத்தான் ‘ஆன்’ செய்வார்கள். ஆன் செய்த அன்று வீறிட்டு அழுதாள். அதுவரை அவளுக்குச் சத்தம் என்றால் என்னவென்றே தெரியாது. அன்றிலிருந்து தினமும் காலையில் பல் தேய்த்ததும் ஆறு ஒலி: ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ். வாயை மறைத்துக்கொண்டு சொல்வேன், கேட்டால் ஒரு பாசியைக் கிண்ணத்தில் போட வேண்டும். ‘ஸ்’ஸுக்குப் பாசி விழவே ஏழு மாதம் ஆனது.

இப்போது மூன்றாம் வகுப்பு. வாசிக்கிறாள். ஆனால் டீச்சர் எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘தம்பி’யை ‘தம்ப்பி’ என்றுதான் ரொம்ப நாள் வாசித்தாள். ‘மரத்தில்’, ‘மரத்தை’, ‘மரத்துக்கு’ எல்லாமே ‘மரத்து’தான். கடைசியில் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டு காதில் விழாது, விழாததைப் பேச மாட்டாள், பேசாததை எழுத மாட்டாள். ஒவ்வொன்றாக நான் பொறுக்கிக் கொடுத்தேன்.

கருவி இலவசம், அதன்பிறகு கேபிள், காயில், பேட்டரி நம் தலையில். ஒரு கேபிள் அறுந்தால் ஒரு மாத மளிகைக் காசு. கேபிள் இல்லாத நாள் பிள்ளை மறுபடி மௌனத்துக்குப் போய்விடும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.


செவிக்கூடம் · வியாழன், காலை 6:30

மதியம்மா, வெடிக்கு அழுதாள் என்று நீங்கள் மட்டுமல்ல, வருகிற பெற்றோரில் பாதிப் பேர் சொல்வார்கள். வெடி அதிர்வு நெஞ்சிலேயே அடிக்கும். தட்டைத் தட்டும்போது நம் நிழலும் காற்றும் காட்டிக்கொடுக்கும். காது கேளாத குழந்தையும் முதல் மாதங்களில் குரல் எழுப்பும். மற்ற குழந்தைகள் ‘பாபாபா, தாதாதா’ என்று அடுக்க ஆரம்பிக்கும் மாதங்களில் இந்தக் குழந்தைகளிடம் அது வராமல் நிற்கும், அல்லது மிகவும் பிந்தும். அதுதான் கவனிக்க வேண்டிய திருப்பம்.

நெருங்கிய உறவில் கல்யாணம் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மரபணுக் குறை ஒளிந்திருக்கும் வாய்ப்பு கூடும். நம் நாட்டில் கனெக்சின் 26 என்ற மரபணுவில்தான் அடிக்கடி பார்க்கிறோம். உங்கள் தப்பு என்று இதில் எதுவும் இல்லை. உறவில் கட்டாதவர்களுக்கும் ஆயிரம் பிறப்பில் ஒன்று, இரண்டு வரத்தான் செய்கிறது. இன்குபேட்டரில் இருந்தவை, மஞ்சள் காமாலை கடுமையாக வந்தவை, மூளைக்காய்ச்சல் வந்தவை, அம்மாவுக்குக் கர்ப்பத்தில் ரூபெல்லா வந்தவை என்று வேறு வழிகளும் உண்டு. 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸப் வதந்தியை நம்பிப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாதவர்கள் இருந்தார்கள். அந்த ஊசி காதுக்கும் சேர்த்துத்தான் என்று அன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

வயதுக் கணக்கு ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்றால், ஒலி வராத செவிப்புல மூளை காலியாகக் காத்திருக்காது. பார்வையும் தொடுகையும் மெல்லக் குடியேறிவிடும். அனு சர்மா 2002-இல் வெளியிட்ட அளவீடு: மூன்றரை வயதுக்குள் இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு மூளை அலை சில மாதங்களில் வயதுக்கேற்ற நிலைக்கு வந்தது. ஏழு வயதுக்கு மேல் வைத்தவர்களில் பெரும்பாலோருக்கு வரவில்லை. அதனால்தான் ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் காது மெஷினும் பயிற்சியும் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்த பிள்ளைகளுக்கு மொழி நன்றாக வருகிறது என்று யோஷினாகா-இட்டானோ என்ற ஆய்வாளர் 1998-இல் காட்டியதும் இதைத்தான்.


விரல்மொழி · வியாழன், இரவு 9:15

ஒரு விஷயத்தில் இந்த இழை முழுக்க ஒரே பக்கமாகச் சாய்கிறது. என் அப்பா, அம்மா இருவரும் காது கேளாதவர்கள். என் முதல் மொழி கை. தமிழ் இரண்டாவது, பாட்டியிடம் கற்றது.

அப்பாவுக்கு ஒன்பது வயது வரை எந்த மொழியும் கிடையாது. கிராமத்தில் ‘ஊமை’ என்றுதான் பேர். வீட்டில் சோறு, தண்ணீர், வா, போ என்று பத்துப் பன்னிரண்டு சைகை. ஒன்பதில் விடுதிப் பள்ளிக்குப் போனார். வகுப்பில் வாயைப் பார்த்துப் பேச வேண்டும், கை தூக்கினால் அடி. இரவில் விடுதியில் பெரிய பையன்களிடம்தான் சைகை மொழி கற்றார். நேற்று எனக்கு அனுப்பிய வாட்ஸப்: ‘அம்மா கால் வலி நாளை டாக்டர் நீ வா பணம் இருக்கு’. ஒரு வேற்றுமை உருபு இருக்கிறதா பாருங்கள். தினமும் தினத்தந்தி வாங்குவார், எழுத்துக் கூட்டவும் தெரியும். ஆனால் செய்தி என்னவென்று என்னிடம் கேட்பார்.

அம்மா கதை வேறு. அவருடைய அக்காவும் காது கேளாதவர், அதனால் தொட்டிலிலிருந்தே கைமொழி. அம்மா தொடர்கதை வாசிப்பார். இரண்டு பேருக்கும் காது ஒன்றுதான். என்ன வித்தியாசம்? ஒருவருக்கு மொழி நேரத்துக்கு வந்தது, இன்னொருவருக்கு வரவில்லை.

கைமொழிச் சூழலில் வளரும் குழந்தை கையாலேயே மழலை பேசும். பெட்டிட்டோவும் மாரென்டெட்டும் 1991-இல் பதிவு செய்திருக்கிறார்கள். கைமொழி பேசும்போதும் இடது மூளையின் அதே மொழிப் பகுதிகள்தான் வேலை செய்கின்றன. மூளை கேட்பது மொழியை. எந்த வாசல் வழியாக வந்தது என்று அது பார்ப்பதில்லை.


மதியம்மா · வியாழன், இரவு 10:20

தம்பி, நீங்கள் சொல்வது படிக்கவே வலிக்கிறது. ஆனால் ‘கை காட்டினால் பேச்சு வராது, கையைக் கட்டுங்கள்’ என்று எங்களுக்கு ஒரு தெரபி சென்டரில் கண்டிப்பாகச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் கைமொழி தெரியாது. எங்கே போய்க் கற்பது? நான் எதைத் தேர்ந்தெடுத்திருக்க முடியும்?


விரல்மொழி · வியாழன், இரவு 10:55

அக்கா, உங்களைக் குறை சொல்லவில்லை. பாசி போட்டு ஏழு மாதம் உட்கார்ந்தவரை யார் குறை சொல்வார்கள். ஒன்றைக் கொடுக்க இன்னொன்றைப் பிடுங்கச் சொன்னவர்கள் மேல்தான் கோபம். டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-இல் வந்தது. 2021-இல் 10,000 சொல் அகராதி முடிந்தது, வீடியோவாகவே பார்க்கலாம். கேபிள் அறுந்த அன்றைக்கு மகளிடம் பேச நாற்பது ஐம்பது சைகை தெரிந்தால் போதும்.


செவிக்கூடம் · வெள்ளி, காலை 7:00

என் துறைக்காரர்களே இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. இம்ப்ளான்ட் வைத்த பிள்ளைக்குச் சைகையும் சேர்த்துக் கொடுத்தால் பேச்சு வளர்ச்சி குறையுமா, கூடுமா என்று இரண்டு பக்கமும் கட்டுரைகள் வருகின்றன. என் கருத்தைக் கேட்டால், மெஷினுக்காகவோ ஆபரேஷன் தேதிக்காகவோ காத்திருக்கும் மாதங்களில் பிள்ளையிடம் மொழியே இல்லாமல் விடுவதுதான் பெரிய தவறு. கையைக் கட்டுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. முன்பு சொல்லியிருக்கிறேன். பயிற்சியில் இருந்தபோது.

சென்னையில் பால வித்யாலயா 1969-இலிருந்து சிறு குழந்தைகளுக்குப் பேச்சுவழிப் பயிற்சி கொடுக்கிறது. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி 1890-களிலேயே வந்துவிட்டது. காது கேளாதோர் கல்விக்கு நம் ஊரில் வரலாறு இருக்கிறது. பேச்சு, சைகை இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பெற்றோரிடம் சொல்ல ஆள்தான் குறைவு.


பழையசோறு · வெள்ளி, காலை 10:30

தங்கை மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம். பேச்சு பத்துச் சொல்கூட இல்லை. ‘தாத்தா மாதிரி லேட்டாகப் பேசுவான்’ என்று குடும்பமே சொல்லிக்கொண்டிருக்கிறோம், முதலில் சொன்னது நான். எந்த டெஸ்ட் கேட்க வேண்டும்?


செவிக்கூடம் · வெள்ளி, காலை 10:50

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும், காசு கிடையாது. ஓஏஈ என்று கேளுங்கள், காதுக்குள் சத்தம் அனுப்பி உள்காது திருப்பி அனுப்பும் ஒலியைப் பார்க்கும் சோதனை, சில நிமிடம்தான். இன்குபேட்டரில் இருந்த பிள்ளை என்றால் பெராவும் கேளுங்கள், ஓஏஈ சரியாக வந்தும் நரம்பில் கோளாறு இருக்கும் பிள்ளைகள் உண்டு. பிறந்தபோது ‘பாஸ்’ என்றாலும் மறுபடி எடுங்கள், பிறகு குறையும் காதுகளும் இருக்கின்றன. காது சரி என்று வந்தால் அதுவும் லாபம்தான், அடுத்து எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிடும். தாத்தா பேசட்டும், பேரனுக்கு டெஸ்ட் எடுங்கள்.


வைகைக்கரை · 14 வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9:25

நிறையப் பேர் உள்பெட்டியில் கேட்டதால் வந்தேன்.

மிஸ் முதல் வரிசை கொடுத்தார்கள், முகம் பார்த்துச் சொல்கிறார்கள். சிவப்பு மை நின்றது. வீட்டில் சாப்பிடும் நேரத்தில் டிவி கிடையாது. தினமும் இரவு கதை வாசிக்கிறேன், ‘வந்தான், வந்தாள், வந்தார்கள்’ என்று புத்தகத்தில் இருக்கிறபடியே, காதுக்குப் பக்கத்தில். முதலில் ‘ஏன்மா நியூஸ் மாதிரி பேசுறே’ என்று சிரித்தான்.

மறுபடி எடுத்த கோட்டில் வலது காதில் மலை வந்துவிட்டது. இடது இன்னும் தட்டைதான், அந்தக் காதில் 30. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்கிறார் டாக்டர். இன்னும் ஆறு வாரம் பார்த்துவிட்டு க்ரோமெட் (செவிப்பறையில் வைக்கும் சின்னக் குழாய்) போடலாமா என்று முடிவு செய்யலாமாம். டிக்டேஷன் இப்போது ஆறு, ஏழு. ‘ல, ள’ இன்னும் குழப்பம்தான், அது எங்கள் தெருவில் பெரியவர்களுக்கும் உண்டு.

போன வியாழன் இரவு படுத்திருந்தோம். சுவரில் பல்லி சொன்னது. என் மாமியார் வழக்கம்போல் விரலால் தரையைத் தட்டினார். இவன் எழுந்து உட்கார்ந்து, “அது என்ன சத்தம்?” என்று கேட்டான். பல்லி என்றேன். சுவரையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். இத்தனை நாளும் பாட்டி சும்மா தரையைத் தட்டுகிறாள் என்றே நினைத்திருக்கிறான்.